நாயின் மூக்கில் வைத்த பொட்டு

நாள் 208. காலை 06:40

ஐஸ் வெட்டும் மெஷின்: ஓடுது. காற்றுச் சுத்திகரிப்பு: சரி. தண்ணித் தொட்டி: எழுபது சதவீதம். உருக்கு அறையில ஐஸ் உருக்குற கொப்பரை மூடியோட ரப்பர் வளையம்: இறுகிக் கல்லாப் போச்சு, மாத்தணும். இதை அஞ்சாவது தடவையா எழுதுதேன்.

கம்ப்யூட்டர்ல ஏத்துற பதிவு நேரா பூமிக்குப் போயிரும். அங்க உக்காந்து யாரும் அதைத் திருத்தவும் செய்யலாம். பேனாவால எழுதுற இந்தக் கைப்பதிவேடு இங்கேயே கிடக்கும். ஸ்டேஷனுக்கு ஒரு நோட்டு இருக்கணும்னு கம்பெனி விதியே சொல்லுது. எனக்கு அடுத்து வர்ற ஆளுக்குன்னு நெனச்சுத்தான் எழுதிக்கிட்டு வாரேன்.

அப்படி வந்து இதைப் புரட்டுற புண்ணியவானுக்கு: நான் தங்கபுஷ்பம், வயசு நாப்பத்தாறு, ஊரு ஆறுமுகநேரி, இங்க பராமரிப்பு டெக்னீஷியன். என்னோட ரெண்டு பேரு. களக்காட்டுச் சுடலைமணி, உருக்கு அறை ஆபரேட்டர். மேலப்பாளையம் நிஜாமுதீன், எலெக்ட்ரீசியன், சமையலும் அவன்தான். நிலாவோட தென்முனையில வெயிலே படாத ஒரு பள்ளம். அதுல கிடக்குற ஐஸை வெட்டி, உருக்கி, தண்ணியாவும் ஆக்ஸிஜனாவும் ஆக்குறோம். மேல போற கப்பலுக்கெல்லாம் இங்கருந்துதான் போகுது.

நாள் 209. காலை 07:15

எல்லாம் நேத்து மாதிரியே. ரப்பர் வளையம் ஆறாவது தடவை.

நாயைப் பத்தி ஒரு வார்த்தை எழுதி வைக்கேன். உருக்கு அறைச் சுவத்துல உள்ளங்கை அகலத்துல ஒரு பெட்டி இருக்கு, கேஸ் கண்டுபிடிக்கிற கருவி. இந்த ஐஸ் சும்மா தண்ணி இல்ல. உருகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வரும். ஊர்ல செப்டிக் டேங்குக்குள்ள இறக்கிவிட்டு ஆளைக் கொல்லுதாங்களே, அதே கேஸ். முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு கூடிச்சுன்னா நாத்தமே தெரியாது. அதனால மோந்து சொல்ல இந்தப் பெட்டி. சுடலை இதுக்கு நாய்னு பேர் வச்சான். அதோட முகத்துல சல்லடை மாதிரி ஒரு மூக்கு, பக்கத்துல குட்டியா ஒரு சிவப்பு லைட்டு. கேஸ் வந்தா லைட்டு எரியும், ஸ்டேஷன் முழுக்க சைரன் ஊளையிடும்.

நூத்தி நாப்பதாம் நாள்ல இருந்து வாரத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை ஊளையிட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் வேலை நிக்கும். நாய் கெட்டுப் போச்சா, இல்ல வளையம் கசியுதான்னு தெரியல, ரெண்டையும் மாத்திருங்கன்னு எழுதினேன். 171-ஆம் நாள் வந்த பதிலை அப்படியே ஒட்டி வச்சிருக்கேன்:

"தலைமையகம்: தொந்தரவு அலாரம் இங்கிருந்தே மௌனமாக்கப்பட்டது. அளவீடுகள் பூமியிலிருந்து கண்காணிக்கப்படும். உற்பத்தியைத் தொடரவும்."

அன்னையிலருந்து நாய் ஊமை. போன சரக்குக் கப்பல்ல வளையமும் வரல, புது நாயும் வரல. "பாதுகாப்பே முதல் கடமை"ன்னு அச்சடிச்ச பேனர் வந்துச்சு, பன்னிரண்டு அடி நீளம். தொங்கவிட இடமில்லாம நிஜாமு அதை மெத்தைக்கு அடியில விரிச்சுப் படுத்துக்கிடுதான்.

நாள் 210. மாலை 17:05

நாளைக்கு ஆயுத பூஜை. சுடலை ஒரு வாரமா இதே பேச்சு. சந்தனப் பொடி, குங்குமம், ரெண்டு பாக்கெட் பொரி, எல்லாம் பெட்டியில ஒளிச்சுக் கொண்டாந்திருக்கான். எலுமிச்சம்பழம் மட்டும் இல்ல. ஸ்டேஷனுக்குள்ள ஐஸ் இழுக்குற வண்டிச் சக்கரத்துக்கு அடியில எதை வைக்கன்னு மூணு பேரும் கூடிப் பேசி, கடைசியில நாலு வைட்டமின் மாத்திரைன்னு முடிவாச்சு. கற்பூரம் கூடாது, இங்க நெருப்பே ஆகாது.

"தலைமையகம்: ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்! விழாப் படங்களை ஆண்டு மலருக்கு அனுப்பி வைக்கவும். எல்லா இயந்திரங்களிலும் பொட்டு தெளிவாகத் தெரியட்டும்."

நாள் 211. பகல் 12:20

பூஜை முடிஞ்சுது. சந்தனம் குழைச்சது சுடலை, பொட்டு வச்சது நான், பொரி வழங்கினது நிஜாமு. இங்க எடை கம்மியா, பொரி கீழ விழ ஒரு யுகம் ஆகுது, சுடலை வாயைத் திறந்துகிட்டுக் கீழ நின்னே புடிக்கான். வண்டி மாத்திரை மேல ஏறினதும் நொறுக்குனு ஒரு சத்தம், மூணு பேரும் கைதட்டினோம். ஐஸ் வெட்டி, அடுப்பு, பம்பு, தண்ணித் தொட்டி, ஒண்ணு விடாம பொட்டு. நாய்க்கும் வச்சேன். நெத்தி எங்க இருக்குன்னு தேடி, சல்லடை மேலேயே பெருசா ஒண்ணு வச்சேன். சுடலை சிரியோ சிரின்னு சிரிச்சான்.

படம் பதினேழு அனுப்பினோம். "மிக அருமை"ன்னு பதில் வந்துச்சு.

நாள் 213. காலை 11:50

மடியில வச்சு எழுதுதேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும்.

09:38-க்கு உருக்கு அறையில இருந்து சுடலை பேசினான்: "யக்கா, மூடி ஒட்டிக்கிடுச்சு, வர மாட்டேங்கு. அஞ்சு நிமிசம் பாத்துட்டு வாரேன். டீ போடச் சொல்லுங்க."

09:44-க்குக் கூப்பிட்டேன். பதில் இல்ல.

நிஜாமு கண்ணாடி வழியா பாத்துட்டு அப்படியே கதவைத் தொறந்துகிட்டு ஓடிட்டான். முகமூடி இல்லாம. மூணு பேருக்கு இங்க இருக்கது ஒரே முகமூடி, அது அந்தக் கடைசியில பெட்டிக்குள்ள. நான் அதை மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள நிஜாமு சுடலையைக் கதவு வரைக்கும் இழுத்தாந்து அங்கேயே விழுந்து கிடக்கான். ரெண்டு பேரையும் வெளிய இழுத்துப் போட்டுக் கதவை அடைச்சேன்.

சுடலைக்கு நாப்பது நிமிசம் நெஞ்சை அமுக்கினேன். வரல. 10:31-க்கு விட்டுட்டேன். அவனுக்கு முப்பத்தோரு வயசு.

நிஜாமு மூச்சு விடுதான். இருமினா நுரை வருது. ஆக்ஸிஜன் போட்டிருக்கேன்.

பூமிக்குச் சொல்லியாச்சு.

நாள் 213. மாலை 18:30

"தலைமையகம்: ஆழ்ந்த இரங்கல். உருக்கு அறையை எப்போது மீண்டும் இயக்க முடியும் எனத் தெரிவிக்கவும்."

நாசமாப் போக. பதில் அனுப்பல.

சுடலையை வெளிப்பக்கச் சரக்கறையில கிடத்தியிருக்கேன். அங்க குளிரு ஜாஸ்தி, உடம்பு அப்படியே இருக்கும். மூஞ்சியைத் துடைச்சுவிட்டேன். விரல் இடுக்குல சந்தனம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதைத் துடைக்க மனசு வரல.

நாள் 214. மாலை 16:10

நிஜாமுவுக்குக் காய்ச்சல். உதடு நீலம். பேச முடியல, வேணுங்கிறதை எழுதிக் காட்டுதான். உருக்கு அறையை மூடினதால புது ஆக்ஸிஜன் கிடையாது. இருக்க சிலிண்டரை அவனுக்கு மட்டும் வச்சா அஞ்சு நாள் ஓடும்.

காலையில இருந்து கப்பல் எப்பன்னு ஆறு தடவை கேட்டேன். இப்ப பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் வசுந்தரா அம்மா பேசினாங்க. குரல் ரொம்பத் தன்மை.

"திருமதி தங்கபுஷ்பம், நீங்கள் அனுப்பிய பூஜைப் படங்களைப் பார்த்தோம். கேஸ் கருவியின் மேல் சந்தனம் இருப்பது பத்தாவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. முதற்கட்ட விசாரணையை முடிக்க உங்கள் வாக்குமூலம் தேவை. வாசகம் அனுப்பியிருக்கிறோம். விசாரணை முடிந்த பிறகே மீட்புக் கப்பல் குறித்து முடிவெடுக்க முடியும்."

வாசகம் இதுதான்: "ஊழியர்களாகிய நாங்கள் நிறுவனத்தின் அனுமதியின்றிச் சமயச் சடங்கு நடத்தி, சுடலைமணியின் தூண்டுதலால் பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்தோம். எச்சரிக்கை அமைப்பு அதுவரை முறையாக இயங்கி வந்தது."

ரெண்டு தடவை படிச்சேன். ஐயோ, பொட்டு. வச்சது நான்தானே. அவன் இல்லையே. சல்லடையை அடைச்சா நாய் எப்படி மோக்கும்னு பராமரிப்புக்காரி எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா நாப்பது நாளா அந்தப் பெட்டி சும்மா சுவத்துல மாட்டின சாமான். அதுக்கும் ஒரு வேலை இருக்குங்கிறதே எனக்கு மறந்து போச்சு.

நாள் 215. காலை 09:00 முதல்

சோதிச்சுப் பாத்துரணும். விண்வெளி உடுப்போட, சொந்த ஆக்ஸிஜனோட உள்ள போனேன். கேஸ் இன்னும் நெறைஞ்சுதான் கிடக்கு.

09:12. பொட்டோட நாயைப் பாத்தேன். லைட்டு இல்ல. சத்தம் இல்ல.

09:15. ஈரத்துணியால பொட்டைத் துடைச்சேன், சல்லடையை ஊசியால சுத்தம் பண்ணினேன்.

பதினோரு வினாடி. சிவப்பு லைட்டு எரிஞ்சுது.

அங்கேயே தரையில உக்காந்துட்டேன். நாய் கெடவே இல்ல. என் பொட்டுதான் அடைச்சிருக்கு.

ஆனா சைரன்? லைட்டு கண்ணு முன்னால எரியுது, ஸ்டேஷன்ல ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல. பத்து நிமிசம் காத்திருந்தேன். ஊமை ஊமைதான்.

மூடிப் பக்கம் போயி சுடலை நின்ன மாதிரியே குனிஞ்சு நின்னு பாத்தேன். நாய் முதுகுக்குப் பின்னால வருது. பொட்டு வைக்காம இருந்திருந்தா அந்தக் குட்டி லைட்டை அவன் பாத்திருப்பானா? பாத்திருக்கலாம். பாக்காமலும் போயிருக்கலாம். இது எனக்குச் சாகுற வரைக்கும் தெரியப் போறதில்ல. ஆனா சைரன் இருந்திருந்தா, முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னாலும் காதுல விழுந்திருக்கும்.

10:40. நாய்க்குள்ள தனியா ஒரு பதிவு இருக்கு, அதைத் தொறந்தேன். 171-ஆம் நாள்ல இருந்து பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் கேஸ் அளவு தாண்டினது முப்பத்தெட்டு தடவை. அது ஒண்ணுகூடத் தொந்தரவு அலாரம் இல்ல, எல்லாம் நெசமான கசிவு. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல "பூமியில் பெறப்பட்டது"ன்னு குறி. நாய் முப்பத்தெட்டு தடவையும் சொல்லியிருக்கு. அங்க இருந்தவங்க பாத்துட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

முப்பத்தெட்டையும் தேதி, மணியோட இந்த நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதிட்டேன்.

நான் அனுப்பினது: "பொட்டு வச்சது நான். சுடலை இல்ல. என் பொட்டுக்கு நான் கையெழுத்துப் போடுதேன். சைரனை அமத்தினதுக்கும், முப்பத்தெட்டு தடவை பாத்துட்டுச் சும்மா இருந்ததுக்கும் உங்கள்ல யாரு போடுவீங்க?"

நாள் 216. காலை 08:20

"தலைமையகம்: உங்கள் குறிப்பு விசாரணை வரம்புக்கு அப்பாற்பட்டது. அனுப்பிய வாசகத்தில் மாற்றமின்றிக் கையொப்பமிடவும்."

நாயோட பதிவை மறுபடி தொறந்து பாத்தேன். பதிவுகள்: பூஜ்யம். ராவோட ராவா அங்கருந்தே அழிச்சுட்டாங்க. அட எழவே, பதினேழு படமும் எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, பொட்டு நல்லாத் தெரியணும்னு அவங்க அனுப்பின செய்தியை மட்டும் காணோம்.

நாள் 216. பகல் 13:00

சுடலையோட பொஞ்சாதி முப்பிடாதி பேசினதை அனுப்பிவிட்டிருக்காங்க. அப்படியே எழுதுதேன்.

"மதினி, நான் முப்பிடாதி. ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்தாவ. உங்க வீட்டுக்காரரேதான் சந்தனத்தைப் பூசி மெஷினைக் கெடுத்துப்புட்டாரு, அவரால இன்னொருத்தரும் சாகக் கிடக்காருன்னு சொல்லுதாவ. தெருவுல எல்லாம் அதே பேச்சா இருக்கு. சாவுக்குத் துட்டி கேக்க வந்தவுககூட அதைத்தான் கேக்காவ. என் மாமனாரு வாசலுக்கே வர மாட்டேங்காவ. அவுக அப்படிப்பட்டவுக இல்லியே மதினி. ஒரு ஸ்க்ரூவைக்கூட ரெண்டு தடவை முடுக்கிப் பாப்பாவளே. நீங்க கூட இருந்தவுக. உள்ளதைச் சொல்லுங்க, அவுக மேலயா தப்பு?"

பதிலுக்கு நாப்பது வினாடி குடுத்தாங்க. மூச்சு விடாமப் பேசினேன். பொட்டு வச்சது நான்னு சொன்னேன், சைரனைச் சொன்னேன், முப்பத்தெட்டைச் சொன்னேன், அவன் மேல எள்ளளவும் தப்பில்லன்னு சொன்னேன்.

14:25. "செய்தி சேர்ப்பிக்கப்பட்டது. நீளம்: ஆறு வினாடி." எந்த ஆறுன்னு போட்டுக் கேட்டேன். "முப்பிடாதி, பொட்டு வச்சது உள்ளதுதான். அழாதம்மா."

ஐயோ, அந்தப் புள்ள என்ன நெனச்சிருக்கும்? அவ புருசன்தான் குத்தவாளின்னு நானும் சொன்ன மாதிரியில்ல ஆகிப்போச்சு. திருப்பிப் பேச நாலு தடவை கேட்டேன். லைன் இல்லன்னுட்டாங்க.

நாள் 217. காலை 10:00

நிஜாமு மோசம். மூச்சு நிமிசத்துக்கு நாப்பது. சிலிண்டர் ரெண்டு நாளைக்கு வரும், அதுக்கும் குறைச்சலாத்தான் இருக்கும். அவனுக்கு மூணு பொட்டப் புள்ளைக. அவன் படுக்கைக்கு மேல மூணு பேரும் ஒரே கலர் சட்டை போட்ட படம் ஒட்டியிருக்கு.

"தலைமையகம்: நோயாளியின் நிலை கவலைக்குரியது என்பதை உணர்கிறோம். வாக்குமூலம் கிடைக்காத ஒவ்வொரு மணி நேரமும் மீட்பு தாமதமாகும்."

அந்த வாசகத்தை நிஜாமுகிட்டக் காட்டினேன். படிச்சான். பேனாவை வாங்கி எழுதினான். தாளை இங்கேயே ஒட்டுதேன், எழுத்து தெளிவா இல்ல: "போடாதீங்கக்கா. சுடலை அண்ணன் பாவம்."

நாள் 217. பகல் 14:32

கையெழுத்துப் போட்டுட்டேன்.

செத்தவனுக்கு நியாயம் வேணும்னு இருக்கவனைக் கொல்ல என்னால ஆகல. நிஜாமு மூச்சு இழுக்குற சத்தம் இந்த அறை முழுக்கக் கேக்கு. முப்பிடாதியை நெனச்சேன், அந்த மூணு புள்ளைகளை நெனச்சேன், மாறி மாறி நெனச்சேன். கடைசியில கை அதுவாப் போயிட்டுது. என்னைத் திட்டணும்னா திட்டிக்கோங்க, நானே திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

14:35-க்கு வசுந்தரா அம்மா: "ஒத்துழைப்புக்கு நன்றி. கப்பல் நாளை வந்து சேரும்."

நாளைக்கா? பூமியில இருந்து இங்க வர நாலு நாளாகும். அவசரக் கப்பல்னு ஏதாவது வச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நிஜாமு என் மூஞ்சியைப் பாத்தான், பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

நாள் 218. காலை 07:48

கப்பல் ஓட்டிட்டு வர்றவர் நேரடியாவே பேசினார். யாருன்னு தெரியல, மதுரைப் பக்கத்துப் பேச்சு. நல்ல மனுசன்.

"ஸ்டேஷன், கேக்குதாக்கா? இறங்க இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. கூடவே டாக்டர் வர்றாரு, வேணுங்கிற ஆக்ஸிஜன் இருக்கு, ஒண்ணும் பயப்படாதீக. தம்பியை மட்டும் தயாரா வச்சுக்கங்க."

எப்ப கிளம்பினீங்கன்னு கேட்டேன்.

"எரநூத்திப் பதினாலாம் நாளு விடியக்காலம்க்கா. விபத்துன்னு தகவல் வந்த மறுநாளே ஏத்திவிட்டுட்டாகளே. ஏன், உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

214-ஆம் நாள் விடியக்காலம். அப்ப அந்த வாசகம் என் கைக்கே வரல. நான் போட்டாலும் போடாட்டாலும் இந்தக் கப்பல் இன்னைக்கு இங்க வந்து இறங்கியிருக்கும். நிஜாமு எப்படியும் பொழைச்சிருப்பான். நான் வித்தது சுடலையைத்தான், சும்மாவே வித்திருக்கேன்.

நாள் 218. பகல் 13:05

வந்த உத்தரவு: "உடல் நிலவிலேயே அடக்கம் செய்யப்படும். ஊழியரின் உடைமைகள் சோதனைக்குப் பின் அனுமதிக்கப்படும். காகிதங்களுக்கு அனுமதி இல்லை."

அதனால இந்த நோட்டு என்னோட வராது. முகமூடிப் பெட்டிக்குள்ள, முகமூடிக்குக் கீழ வைக்கேன். உங்க கையில கிடைச்சிருந்தா உருக்கு அறைக்குள்ள போறதுக்கு முந்தி மாட்டிக்கிடலாம்னு நீங்க வந்திருக்கீங்க. நல்லது. மொதல்ல சைரன் கத்துதான்னு கத்த வச்சுப் பாருங்க. கத்தலன்னா உள்ள போகாதீங்க, யாரு சொன்னாலும் போகாதீங்க.

கடைசிப் பக்கத்துல முப்பத்தெட்டு வரி இருக்கு. அதைக் கிழிச்சு உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க, ஊருக்குப் போனதும் முப்பிடாதி கையில குடுங்க. களக்காடு. சுடலைமணி வீடுன்னு கேட்டா இப்ப எல்லாருக்கும் தெரியும்.

இன்னொண்ணு. ஊருக்குப் போனதும் என்னைத் தேடி வருவீங்க. எனக்கு என்னைத் தெரியும். வேலை இருக்கும், வீடு இருக்கும், போட்ட கையெழுத்து இருக்கும். இது என் எழுத்தே இல்லன்னு உங்க மூஞ்சிக்கு நேரா நான் சொன்னாலும் சொல்லுவேன். அப்படிச் சொன்னா என்னை நம்பாதீங்க. இதைத்தான் நம்பணும்.

தரை அதிருது. இறங்கிட்டாங்க.

முப்பிடாதிகிட்டப் போயி அந்த ஆறு வினாடிக்கு முன்னாலயும் பின்னாலயும் நான் சொன்னது—